பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறியும் கலை

அமெரிக்க மக்கள் தங்கள் தேசிய விளையாட்டெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்தில், பந்தெறிபவன் மிதித்து நிற்கும் பலகைக்கும் அடிப்பவன் நிற்கும் தளத்துக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். 1893ஆம் ஆண்டு தொட்டு இவ்வளவு மாறியதில்லை. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அரை விநாடி ஆகுமுன்னே இத்தூரத்தைக் கடந்துவிடும். அதற்குள் பந்து எவ்வகையானது என உணர்ந்து, அடிப்பதா விடுவதா என்று துணிந்து, மட்டையையும் வீசியாக வேண்டும்.

கிரிக்கெட்டை அறிந்த நேயர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். கிரிக்கெட்டிற் பந்து பெரும்பாலும் நிலத்திற் பட்டு எழுகின்றது. அது திரும்புவதற்கு நிலமும் துணைசெய்கின்றது. பேஸ்போலிலோ பந்து நிலத்தைத் தொடாமலே அடிப்பவனை அடைகின்றது. ஆகவே பந்தெறிபவனுக்குக் காற்றே துணை. அத்துணையைப் பெறுவதற்கு அவன் நாடுவது பந்தின் தையலை. இரண்டு தோற்றுண்டுகளை 108 இரட்டைத் தையல்களால் இணைத்துப் பந்தை மூடியிருப்பர். புடைத்து நிற்கும் அத்தையலில் விரல்களை எங்கே பதிப்பது என்பதிலிருந்தே எறிகளின் வகைகள் பிறக்கின்றன.

முதலாவது விரைபந்து. சுட்டுவிரலையும் நடுவிரலையும் தையலுக்குக் குறுக்கே வைத்து, பெருவிரலைக் கீழே தாங்கக் கொடுத்து எறிவர். விரல்நுனிகளை விட்டு நீங்கும்போது பந்து பின்னோக்கிச் சுழலும். அச்சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்குகின்றது. பந்து உண்மையில் எழுவதில்லை. எதிர்பார்த்த அளவு தாழாமையால் எழுவதுபோலத் தோன்றுகின்றது.

வளைபந்து இதற்கு நேர்மாறானது. நடுவிரலைத் தையலோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையின் விளிம்பு முன்னே வருமாறு வீசி, பந்து சுட்டுவிரலின் மேலாக உருண்டு வெளிப்பட விடுவர். முன்னோக்கிச் சுழலும் அப்பந்து திடீரெனக் கீழே சரியும். பந்து வளைவது வெறும் கண்மயக்கே எனப் பலர் நெடுங்காலம் வாதாடினர். லைமன் பிறிக்ஸ் என்னும் பௌதிக அறிஞர், எண்பது வயதைக் கடந்த பின், காற்றுச் சுரங்கத்திற் பந்தைச் சுழலவிட்டு அளந்து, வளைவு உண்மையே என 1959இல் நிறுவினார்.

மூன்றாவது மந்தப்பந்து. பந்தை உள்ளங்கையில் ஆழப் பதித்துப் பிடித்தால், கை முழு விசையுடன் வீசினும் பந்து ஏறக்குறைய 10 மைல் வேகங் குறைந்தே செல்லும். விரைபந்தை எதிர்பார்த்தவன் முந்தி அடித்து ஏமாறுவான். நகநுனிகளாற் பற்றிச் சுழற்சியே இல்லாமல் எறியும் வகையும் உண்டு. அது காற்றில் தள்ளாடிச் செல்லும். எங்கே போய் விழும் என்பதை எறிந்தவனும் அறியான்.

இவை யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. பிடி வேறாகலாம், கைவீச்சு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வீச்சு மாறினால் அடிப்பவன் அக்கணமே வகையை அறிந்துவிடுவான்.

இக்கலைக்கு முழங்கை கொடுக்கும் விலையோ பெரிது. 1974இல் ரொமி ஜோன் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. வைத்தியர் பிராங்க் ஜோப் அவரது வலக்கையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் பொருத்தினார். 1976இல் ஆட்டத்துக்கு மீண்ட அவர் 1989 வரை பந்தெறிந்தார். ஆயினும் எல்லோருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. ஓய்வின்றி அளவுக்கு மிஞ்சி எறிவதே இக்கேட்டுக்குப் பெருங்காரணம் என வைத்தியர் கூறுவர். எனவே 11, 12 வயதுச் சிறுவர் ஒரு நாளில் 85 தடவைக்கு மேல் எறியலாகாது என அமெரிக்கச் சிறுவர் ஆட்டச் சங்கம் வரையறுத்துள்ளது. விரைபந்தும் மந்தப்பந்தும் கைவந்த பின்னரே வளைபந்தைப் பழகுதல் நன்று. விரல்கள் எத்தனை வித்தை கற்றாலும், அவற்றைத் தாங்குவது ஒரே முழங்கைதான்.