பனியன் ஊரின் புத்தகங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்

1942இல் ‘நாகம்மாள்’ வெளிவந்தபோது அதை எழுதிய ஆர். ஷண்முகசுந்தரத்துக்கு வயது இருபத்தைந்து. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். இன்றைய கணக்கில் திருப்பூர் மாவட்டத்துக்காரர். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் கொழுந்தனிடம் காட்டில் தன் பங்கைக் கேட்கிறாள். கதையின் முடிச்சு அவ்வளவுதான். கொங்குக் குடியானவர் வீட்டின் பேச்சும் வசவும் பிடிவாதமும் அதில் மெருகேற்றப்படாமல் அச்சேறின. தமிழ் வட்டார நாவலின் தொடக்கம் என்று இலக்கிய வரலாறு இன்று அதைத்தான் சுட்டுகிறது.

அந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. க.நா.சுப்ரமண்யம் என்ற ஒரு வாசகர் போகிற இடமெல்லாம், எழுதுகிற இதழிலெல்லாம் ஷண்முகசுந்தரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டியல் போடுகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் பலர். ஆனால் கீரனூர்க்காரரின் பெயரை அழியாமல் காத்ததில் அந்தப் பட்டியல்களுக்குப் பெரிய பங்குண்டு. அடுத்த தலைமுறையில் பெருமாள்முருகன் ஷண்முகசுந்தரத்தின் நாவல்களை முனைவர் பட்டத்துக்கு எடுத்து ஆராய்ந்தார். நாவல் மறுபதிப்பும் கண்டது. எழுதியவர் ஒருவர், படித்துச் சொன்னவர்கள் இருவர். எண்பது ஆண்டுகளைத் தாண்டி ஒரு புத்தகம் நிற்க இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

திருப்பூரில் இன்று மேடைக்குக் குறைவில்லை. தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் இலக்கிய விருது தருகிறது. புத்தகத் திருவிழா நடக்கிறது. முற்போக்கு எழுத்தாளர்கள் கூடுகிறார்கள். உடுமலைப்பேட்டையில் இருக்கும் ஓர் இணையப் புத்தகக்கடை உலகெங்கும் தமிழ் நூல்களை அனுப்புகிறது. இவ்வளவு இருந்தும், ஒரு நாவல் வெளிவந்த ஆறு மாதத்துக்குள் அதை முழுக்கப் படித்து, எங்கே உயர்கிறது, எங்கே சரிகிறது என்று ஆயிரம் வார்த்தையில் சொல்கிற மனிதரைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தை வெளியீட்டு விழா எடுத்துக்கொண்டது. விழாவில் வாழ்த்தலாம், வாழ்த்தத்தான் வேண்டும், வீட்டு விசேஷம் அது. பொன்னாடை போர்த்திய கையோடு, மூன்றாம் அத்தியாயம் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வாழ்த்துரையே மறுவாரம் இதழில் மதிப்புரையாக அச்சாகும்போதுதான் வாசகர் ஏமாறுகிறார், எழுத்தாளரும் ஏமாறுகிறார். இன்னொரு பக்கம் ‘வரப்பெற்றோம்’. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புங்கள் என்று இதழ்கள் கேட்கும். அனுப்பினால் நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை என்று ஒரு வரி வரும். மூன்று வருட உழைப்புக்கு ஒற்றை வரி.

இந்தப் பகுதியிலேயே வேறு மாதிரி வாழ்ந்து காட்டியவர் உண்டு. விசைத்தறிச் சத்தத்துக்குப் பேர்போன சோமனூரில் 1935இல் பிறந்த கி. பழனிச்சாமி, கோவை ஞானி என்று அறியப்பட்டார். பள்ளியில் தமிழாசிரியர், மார்க்சியர், 1971இல் தொடங்கிய ‘வானம்பாடி’ இயக்கத்தில் உள்ளே நின்று விவாதித்தவர், ‘பரிமாணம்’, ‘நிகழ்’, ‘தமிழ் நேயம்’ என்று இதழ் மேல் இதழ் நடத்தியவர். 1980களின் இறுதியில் அவருக்குக் கண்பார்வை போயிற்று. ஒரு விமரிசகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வராது. அவர் நிறுத்தவில்லை. உதவியாளர்கள் வாசித்துக் காட்டக் கேட்டார். கேட்டதை மனத்தில் அடுக்கிக்கொண்டு சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். 2020 ஜூலையில் மறையும் வரை முப்பது ஆண்டுக்கும் மேலாக அவருடைய விமரிசனங்கள் இப்படித்தான் பிறந்தன. படிக்க நேரமில்லை என்று ஒரு மதிப்புரையாளர் சொல்லும்போது ஞானி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. கட்சி நிலைப்பாட்டை வைத்து நூலை அளக்க மறுத்ததால் தோழர்களோடும் பிணங்கியவர் அவர். அந்தத் துணிவு கண்பார்வையைவிட அரிது.

திருப்பூர் ஊருக்குள் என்றால் சுப்ரபாரதிமணியன். செகந்திராபாத்தில் வேலை பார்த்த காலத்தில் ‘கனவு’ என்ற சிற்றிதழைத் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் விடாமல் நடத்தியவர். அவருடைய ‘சாயத்திரை’ நாவல் 1998இல் வந்தது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை நாவலாக எழுத அப்போது துணிவு வேண்டும். ஊரே அந்தத் தொழிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தேக்கமாகிவிட்டிருந்தது. நாவல் வந்து பதிமூன்று ஆண்டு கழித்து, 2011 ஜனவரி 28 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது.

நீதிமன்றம் சொன்னதை நாவல் முன்பே சொல்லிவிட்டது என்று பாராட்டுவது எளிது. அந்தப் பாராட்டிலேயே நாவல் தொலைந்தும் போகிறது. சுற்றுச்சூழல் சான்று என்ற பெட்டிக்குள் வைத்துவிட்டால், ‘சாயத்திரை’யின் மனிதர்களைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆற்றைக் கெடுக்கும் தொழிலில்தான் அவர்களுக்குச் சோறு என்ற முரணை நாவல் எப்படிக் கையாள்கிறது? துண்டு துண்டான காட்சிகள் நாவலுக்கு வலுச் சேர்க்கின்றனவா, பலவீனமாகின்றனவா? கதை தகவலுக்கு வழிவிடும் இடங்கள் எவை? ஆங்கிலத்துக்கும் போன நாவல் இது. தகவல் கேட்டு வருபவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகள் இருக்கின்றன. நாவலிடம் நாவலுக்குரிய கேள்விகளைக் கேட்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை.

நல்ல வாசிப்பு ஊருக்குள் வந்து சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திருச்செங்கோடு சாட்சி. அதுவும் விசைத்தறி ஊர்தான். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்து இலக்கிய வட்டத்தில் பேசப்பட்டது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு வெடித்தபோது தெருவில் கைமாறியது நாவல் அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்த சில பக்கங்கள். 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அளித்த தீர்ப்பு, கதையை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துப் பேசுகிறது. குழந்தையில்லாத தம்பதியின் துயரம்தான் அதன் மையம் என்று வாசிக்கிறது. மதிப்புரையாளர்கள் ஊர் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை நீதிபதிகள் சொல்ல வேண்டி வந்தது.

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ பரவலாகத் தெரியவந்ததும் 2015இல் வெற்றிமாறன் அதை ‘விசாரணை’ என்ற படமாக எடுத்த பிறகுதான். எல்லாப் புத்தகத்துக்கும் சினிமா கிடைக்காது.

குறை மதிப்புரையாளர்களிடம் மட்டும் இல்லை. பீஸ் ரேட் தெரிந்த ஊர் இது. காஜா எடுப்பவருக்கு, பட்டன் கட்டுபவருக்கு, மடிப்பவருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் ஊர். இங்கே முந்நூறு பக்கத்தை இரண்டு முறை படித்து ஒரு வாரம் யோசித்து எழுதுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி மட்டுமே. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கி 119 இதழ்கள் நடத்தியது சொந்தப் பணத்தைக் கரைத்து. அந்தத் தியாகத்தைப் போற்றிக்கொண்டே இன்னொருவரிடமும் அதையே எதிர்பார்ப்பது நியாயமில்லை. நினைவுச் சொற்பொழிவுகளுக்கு வட்டிப் பணம் ஒதுக்கும் அறக்கட்டளைகள், அதில் ஒரு பங்கை மதிப்புரைக்கான கூலியாக எழுதி வைக்கலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு நூல்கள் போதும். இரண்டு நிபந்தனைகள்: மதிப்புரையாளர் அந்த நூலின் விழா மேடையில் பேசியிருக்கக் கூடாது, பாதகமான மதிப்புரைக்கும் அதே கூலி.

எழுதுபவர்களைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் தேட வேண்டாம். ஓவர்லாக் மெஷினில் பத்து வருடம் உட்கார்ந்த ஒரு பெண், பனியன் கம்பெனியைப் பற்றிய நாவலில் எந்தப் பக்கம் பொய் என்று சொல்லிவிடுவார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இப்போது அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் பெரிய நாவல்கள் உண்டு, சில தமிழிலேயே இருக்கின்றன என்பதைத் திருப்பூர் இன்னும் கவனிக்கவில்லை. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டில் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டு, வங்காளத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்து எழுதலாம்.