நிறத்துக்கு ஒரு பெயர்

சென்ற பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா முப்பது ஆண்டு பால் வெட்டியவர். எழுத்து அதிகம் தெரியாது. ஆனால் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குள் இறங்கியதும், "தம்பி, ஊதாவா, நீலமா?" என்று என்னைக் கேட்டார். அங்கே இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. 2003-இல் திறந்த வடகிழக்குப் பாதைக்கு ஊதா. 2015-இல் அங்கு வந்து சேர்ந்த டவுன்டவுன் பாதைக்கு நீலம். அம்மாவுக்கு நிறமே எழுத்து.

அதே அம்மா அன்று மாலை கைப்பேசியில் ஒரு கிளினிக்குக்கு முன்பதிவு செய்யும்போது தடுமாறிவிட்டார். முதல் பக்கத்தில் 'உறுதி செய்' பொத்தான் பச்சை. அடுத்த பக்கத்திலோ 'ரத்து செய்' பொத்தான் பச்சை. பழகிய பச்சையை அழுத்தினார். கிடைத்த முறை போய்விட்டது. "எனக்குத்தான் விவரம் பத்தலை" என்று தம்மையே நொந்துகொண்டார். குற்றம் அவருடையதுதானா?

அக்காள் மகன் இத்தகைய திரைகளை வரையும் வேலை பார்ப்பவன். அவன் எனக்கு விளக்கினான். திரை வரையும் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. நூறு பக்கங்களில் அந்த எண்ணை நேராக இட்டால், நிறத்தை மாற்றும் நாளில் நூறு இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். அதனால் எண்ணுக்குப் பதில் ஒரு பெயரை இடுகிறார்கள். அந்தப் பெயருக்கு 'டோக்கன்' என்று பெயர்.

நமக்கு இது புதிதல்ல. பிரட்டுக் களத்தில் மண்டோர் 'ஏழாம் நிரை' என்கிறார். இன்று அதை வெட்டுபவர் ஒருவர், நாளை வேறொருவர். ஆள் மாறினாலும் நிரையின் பெயர் மாறுவதில்லை. டோக்கனும் அப்படித்தான்.

ஆனால் பெயரை எப்படி வைப்பது? சிங்கப்பூரில் வடக்கு தெற்குப் பாதைக்குச் சிவப்பு நிறம். அபாய அறிவிப்புக்கும் சிவப்பு. இரண்டுக்கும் 'சிவப்பு' என்றே பெயர் வைத்தால், ஒரு நாள் பாதையின் நிறத்தை மாற்றும்போது அபாய அறிவிப்பின் நிறமும் சேர்ந்து மாறிவிடும். 'பாதை நிறம்', 'அபாய நிறம்' என்று செய்யும் வேலையைக் கொண்டு பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சிங்கப்பூர் அரசின் கவ்டெக் அமைப்பு, அரசாங்க இணையப் பக்கங்களுக்கென ஒரு பொது வடிவமைப்பு முறையை வைத்திருக்கிறது. பல அமைச்சுகள் தனித்தனியே பக்கங்களைச் செய்தாலும், மக்களுக்கு அவை ஒரே சாயலில் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அங்கும் நிறங்களும் அளவுகளும் இவ்வாறு பெயரிட்டே வைக்கப்பட்டுள்ளன.

பிறகு ஏன் தவறு நேர்கிறது? பெயர்களைக் கையாள்வது எளிதாக இல்லாததால்தான் பெரும்பாலும் என்கிறான் அக்காள் மகன். பொத்தானுக்கு நிறம் இடப் போனால், முந்நூறு பெயர்கள் கொண்ட பட்டியல் விரிகிறது. பாதிப் பெயர்களின் பொருள் விளங்குவதில்லை. அவசரத்தில் இருப்பவர், கண்ணுக்குச் சரியாகப் படும் ஒரு நிறத்தை நேராக எடுத்து ஒட்டிவிடுகிறார். அந்த ஒரு பொத்தான் முறையிலிருந்து விலகிப்போகிறது.

இதற்கு வழியும் உண்டு. ஃபிக்மா என்ற மென்பொருளில் 2023-இல் 'வேரியபிள்' என்னும் வசதி வந்தது. எழுத்துக்கு உரிய பெயர், எழுத்துக்கு நிறம் இடும்போது மட்டும் தெரியும்படி அதில் வரம்பு வைக்கலாம். இடைவெளி அளவுக்கும் அப்படியே. எதிரே பத்துப் பெயர்கள் மட்டும் இருந்தால் கை சரியானதை எடுக்கும். கருவிகளைக் கொட்டிவைத்த கொட்டகையில் பால்கத்தியைத் தேடுவதற்கும், அதற்கென்று உள்ள ஆணியில் மாட்டியிருப்பதை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

பெற்றோர்களே, படம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு தொழில். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: பொருளை அதன் வேலையால் அழைக்கப் பழகு, வைத்த பெயர் புதிதாக வருபவருக்கு விளங்குகிறதா என்று கேட்டுப் பார். வரைபவருக்குக் கருவி எளிதானால், அழுத்துபவருக்குத் திரையும் எளிதாகும்.

ஊர் திரும்பும் முன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ தப்பு என்னுது இல்லையா?" என்றார். இல்லை அம்மா. தடுமாறும் விரலைக் குறை சொல்லும் முன், திரையைச் சோதித்துப் பார்ப்பதே முறை.