செடி பூச்சியைத் தின்னுமா?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

"பூச்சி தின்னும் செடி உண்மையிலேயே தின்னுதோ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1874 இல் நியூயோர்க் பத்திரிகை ஒன்று, மடகஸ்காரில் ஆளைத் தின்னும் மரம் இருக்குதென்று எழுதியது. முழுப் புளுகு! அடுத்த வருசமே சாள்ஸ் டார்வின், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பரிசோதித்து ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார்.

பச்சை இலையுள்ள செடி வெயில், காற்று, தண்ணீரைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூச்சி பிடிக்கிற செடியும் அப்படித்தான். ஆனால் அது வளருகிற மண்ணிலே நைதரசனும் பொசுபரசும் குறைவு. அந்தக் குறையைப் பூச்சி தீர்க்கிறது. ஆகவே பூச்சி அதற்குச் சோறு இல்லை, பசளை.

அப்படியென்றால் பூச்சி இல்லாமலும் சமாளிக்கலாமோ? டார்வினின் மகன் பிரான்சிஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். இலையில் பசைத்துளி உள்ள துரோசெராச் செடிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் சின்னச் சின்ன இறைச்சித் துண்டு கொடுத்தார். 1878 இல் வந்த முடிவைப் பாருங்கோ: மற்றவையும் பூத்துக் காய்த்தன, ஆனால் இறைச்சி கிடைத்தவை இரண்டு மடங்குக்கு மேல் விதை தந்தன.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. தென்னாபிரிக்காவில் ரொரிடுலா என்றொரு செடி. அதன் பிசினில் இலையான் ஒட்டிச் சாகும். ஆனால் சமிக்கச் செய்யும் நொதியம் செடியிடம் இல்லை. அதிலேயே குடியிருக்கும் ஒருவகை மூட்டுப்பூச்சி செத்ததை உறிஞ்சிக் குடிக்கும். அதன் எச்சத்தில் உள்ள நைதரசனை இலை எடுத்துக்கொள்ளும். 1996 இல் இதை நிரூபித்தார்கள்.

போர்ணியோ மலைகளிலே ஒரு குடுவைச் செடி. அணில் மாதிரியான மரமூஞ்சூறு அதன் மூடியில் இனிப்பை நக்கிக்கொண்டே குடுவைக்குள் எச்சமிடும். அந்தச் செடிக்கு வேண்டிய நைதரசனில் பாதிக்கு மேல் அந்த எச்சத்திலிருந்தே வருவதாக 2009 இல் கண்டார்கள். அதற்கு அது கழிப்பறைதான்! அதன் உறவான நெப்பந்தெஸ் எங்கள் இலங்கைத் தீவின் சிங்கராசாக் காட்டிலும் வளருது. அது பூச்சி பிடிக்கிறது.

பிடித்தல், கொல்லுதல், சமிக்கச் செய்தல், உறிஞ்சுதல் என வேலை நாலு. சில செடி நாலையும் செய்யும், சில ஒன்றிரண்டை மட்டும். பிள்ளைகளே, பேரை வைத்து முடிவு கட்டாதையுங்கோ. "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கோ. டார்வினின் மகன் செய்ததும் அதுதான்.