காலத்தின் குறிகளை அறிவோம்



மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்று அறிந்த மக்களைப் பார்த்து, இக்காலத்தை ஆராய உங்களுக்குத் தெரியவில்லையே என்று ஆண்டவர் வருந்துகிறார் (லூக்கா 12:54-56). அவருடைய நாட்டுக்குக் கடல் மேற்கே, நமக்கோ கிழக்கே. ஐப்பசியில் கிழக்கு வானம் கறுத்தால் ஏரிக்குத் தண்ணீர் வரும் என்பது நாம் அறிந்த குறி. இன்று அந்தக் குறிகள் தடுமாறுகின்றன.

2023 ஏப்ரல் 25ஆம் நாள் இமயமலையில் கேதார்நாத் கோயில் நடை திறந்தது. நாம் கத்திரி வெயிலை எதிர்நோக்கியிருந்த வேளை அது. அங்கோ பனி கொட்டியது. மே மாதத்திலும் அது ஓயாததால், பயணிகளின் பதிவைச் சில நாள்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. இமயத்துக்குப் பனி கொண்டுவரும் காற்றுச் சுழல்கள் மத்தியதரைக் கடல் பக்கம் பிறப்பவை. ஆண்டவர் சுட்டிய மேகமும் அந்தக் கடலிலிருந்து எழுந்ததே. பெரும்பாலும் குளிர்காலத்தில் வரும் அவை, அந்த ஆண்டு கோடையிலும் அடுத்தடுத்து வந்தன.

நம் நீலகிரியும் தப்பவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது!

"கோடையில் பனி பெய்கிறதே, பூமி எங்கே சூடாகிறது?" என்று சிலர் கேட்கலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டும். குளிர்ந்த உயரங்களில் அது பனியாகும்.

மலையில் நடப்பது நம் களத்துமேட்டுக்கும் வருகிறது. அறுத்துக் காயவைத்த நெல் பருவம் தப்பிய மழையில் நனையும்போது, ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பும் கடன் அடைக்கும் நம்பிக்கையும் சேர்ந்து நனைகின்றன.

வானத்தை நம்பி மட்டும் நம் முன்னோர் வாழவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூரில் குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தார்கள். கல்வெட்டு இன்றும் நம் கண்முன் நிற்கிறது. ஏரியைக் காப்பது ஊரின் கடமை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

படைப்பு நம் பொது வீடு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் நினைவூட்டினார். அந்த வீட்டில் நம் பங்கு எது? ஆடி பிறக்குமுன் வரத்துக்காலைத் தூர்வாருவோம். மதகில் அடைத்த குப்பையை அகற்றுவோம். கரையில் பனைவிதை ஊன்றுவோம். நெல் நனைந்த அயலார் வீட்டுக் கதவை, எந்தச் சமயத்தவர் ஆனாலும், தேடிச் சென்று தட்டுவோம்.

மழையையும் பனியையும் அனுப்பும் தந்தையே, காலத்தை அறியும் கண்களையும் கடமையில் தளராத கைகளையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.