கைக்குள் அடங்கும் உயிர்கள்

(தில்லித் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. கூண்டுப் பறவையையும் தொட்டி மீனையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் புன்னகை புரியக்கூடும். நம் குடியிருப்பின் பால்கனிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால், இஃது எத்துணை நெருங்கிய வீட்டுச் செய்தி என்பது விளங்கும்.

நம்மில் பலர் முற்றமும் கொல்லையும் உள்ள வீடுகளில் பிறந்தவர்கள். தொழுவத்தில் கன்று துள்ளும். கிணற்றில் மீன் திரியும். ஓட்டுக் கூரையில் அணில் ஓடும். அவற்றை நாம் ‘வளர்த்தோம்’ என்றுகூடச் சொல்வதில்லை. அவை நம்மோடு இருந்தன. இங்கே நமக்குக் கிடைத்தவை இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, துணி உலர்த்தும் அளவுக்கு ஒரு பால்கனி. இடந்தான் சுருங்கியதே அன்றி உயிர்களிடத்து வைத்த ஆசை சுருங்கவில்லை. ஆகவே கைக்குள் அடங்கும் உயிர்களை நாடுகிறோம்.

சிறியதைக் கண்டால் நெஞ்சம் இளகுவது ஏன்? ஆஸ்திரிய நாட்டு விலங்கியல் அறிஞர் கொன்ராத் லாரன்ஸ் 1943ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பெரிய தலை, அகன்ற கண், உருண்ட கன்னம், குறுகிய கைகால் ஆகிய குழந்தைச் சாயல் எவ்வுயிரிடம் தென்பட்டாலும், நம்முள் உறங்கும் தாய்மை உணர்வு விழித்துக்கொள்கிறது என்றார். இவ்வாசையில் ஏளனத்திற்கு இடமே இல்லை. வீட்டில் எல்லாரினும் இளையதாகிய குழந்தைக்குத் தன்னினும் இளைய ஓர் உயிர் கிடைக்கும்போது, ஏவல் கேட்டே பழகிய அப்பிள்ளை முதன்முறையாக மூத்தவனாகிறான். ஊரிலிருந்து அழைத்து வந்த நம் பெற்றோர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மகன் அலுவலகத்தில், மருமகளும் அலுவலகத்தில், பேரன் பள்ளியில், அண்டை வீட்டாரோ இந்தியில் பேசுகிறார்கள். அந்த நீண்ட பகலில் தமிழில் அழைத்தால் தலை சாய்த்துக் கேட்கும் ஓர் உயிர் வீட்டில் இருப்பது அவர்களுக்குச் சிறிய ஆறுதல் அன்று.

நம் வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் வாழும் பறவை உண்மையில் ‘லவ் பேர்ட்’ அன்று. அப்பெயருக்குரியவை ஆப்பிரிக்கப் பறவைகள். இதுவோ ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி. 1840இல் ஜான் கூல்டு என்பார் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். காட்டில் இதன் நிறம் பச்சையும் மஞ்சளுமே. நீலமும் வெண்மையும் வளர்ப்போர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. எடை முப்பது நாற்பது கிராம்தான். ஆண் பறவையோடு பொறுமையாகப் பேசினால் சில சொற்கள் சொல்லும். எம்மொழியில் பேசுகிறோமோ அம்மொழியில் சொல்லும். தினை மட்டும் போதாது, கீரையும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரையைக் கூண்டில் செருகலாம். தாய்மார்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம்: ‘நான்ஸ்டிக்’ தோசைக்கல் அளவு மீறிக் காய்ந்தால் அதனின்றெழும் ஆவி, நமக்குத் தெரியாமலேயே அடுத்த அறைப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சமையற்கட்டுக்கு அருகில் கூண்டு வேண்டா.

பச்சைக்கிளியைப் பற்றியும் பேசாமல் இயலாது. மீனாட்சியின் கையில் கிளி. ஆண்டாளின் தோளில் கிளி. நம் மரபில் கிளியில்லாத இடம் ஏது? ஆயினும் நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. முனியாக் குருவிக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே விதி. சந்தையில் விற்கிறார்களே என்பது மறுமொழி ஆகாது. மரப்பொந்திலிருந்து எடுக்கப்படும் குஞ்சுகளுள் வழியிலேயே மடிபவை பல. ஏற்கனவே வைத்திருப்போர் அச்சங்கொண்டு ஜன்னலைத் திறந்து விட்டுவிடலாகாது. கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தும் கிளியும் நாள்தோறும் இலைகளால் புதிதாகப் புனையப்படுவதே என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம்.

ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியின் வரலாறு வியப்புக்குரியது. 1930இல் சிரியா நாட்டு அலெப்போ நகரருகே, எருசலேம் பேராசிரியர் அகரோனி ஒரு வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்தார். உலகெங்கும் வீடுகளில் உருளும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய அனைத்தும் அவ்வொரு வளையின் வழித்தோன்றல்களே. இஃது இரவில் விழித்திருக்கும் உயிர். குழந்தை விளையாடும் பகலெல்லாம் உறங்கும். வளர்ந்தபின் தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றோடு ஒத்து வாழாது. இரங்கி இணை சேர்த்தால் போர்தான் மிஞ்சும். கினிப்பன்றியின் இயல்போ நேர்மாறு. தனிமை அதற்கு ஆகாது. அதனைத் தனியே வளர்க்கலாகாது என்று 2008இல் ஸ்விட்சர்லாந்து நாட்டார் விதியே செய்தனர். நம்மைப் போலவே அதன் உடலும் ‘சி’ வைட்டமினைத் தானே ஆக்கிக்கொள்ளாது. நாளும் பசுங்காய் வேண்டும்.

சிற்றுடல் விரைவில் குளிரும், விரைவில் கொதிக்கும். சனவரி இரவில் நான்கைந்து பாகைக்கு இறங்கி, மே மாதத்தில் நாற்பத்தைந்தைத் தொடும் தில்லியில் இதனை மறக்கலாகாது. பெரிய மாடு தாங்கும் வாடையை முப்பது கிராம் பறவை தாங்காது.

பொன்மீனைக் கண்ணாடிக் குடுவையில் விடுவது கண்ணுக்கு அழகு, மீனுக்குத் துன்பம். அதன் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. தொட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகினால்தான் அந்நஞ்சு படிப்படியாக மாறித் தீங்கு குறையும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். வாரந்தோறும் முழு நீரையும் கொட்டிக் கழுவும் நம் தூய்மை அந்நுண்ணுயிர்களையும் கழுவிவிடுகிறது. குழாய்நீரின் குளோரின் எஞ்சியவற்றையும் அழிக்கிறது. சிறிது சிறிதாக மாற்றுவதே நன்று. காசளவாக வாங்கும் அமெரிக்கச் செவ்வரி ஆமையோ ஓரடி வரை வளர்ந்து முப்பது ஆண்டுகளும் வாழக்கூடியது. பிறகு யமுனையில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறிக்கும்.

‘டீகப்’ நாய் என்று விற்கப்படுவது தனி இனமன்று. பிறந்தவற்றுள் மிகச் சிறியவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்துக் குறுக்கிய உருவம். எலும்பு மெலிவு, நெருங்கிய பற்கள், உணவு சிறிது தாமதித்தாலும் தாழ்ந்துவிடும் இரத்தச் சர்க்கரை ஆகியவை அதற்கு உடன்பிறந்தவை. பெருந்தொகை கொடுத்து இவ்வேதனையை வாங்குவதை நாம் ஏற்கவில்லை. கோப்பையில் அமர்த்திப் படமெடுப்பதற்காக ஓர் உயிரைக் குறுக்குவது அன்பின் செயலாகாது.

இனி நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மே மாதம் பிறந்ததும் நாம் ஊருக்குப் புறப்படுகிறோம். இரண்டு மூன்று கிழமைகள் வீடு பூட்டியிருக்கும். அந்நாட்களில்தான் கூண்டுகள் படிக்கட்டில் வைக்கப்படுகின்றன. மீன்கள் பூங்காக் குளத்தில் கொட்டப்படுகின்றன. திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு பொய் சொல்லப்படுகிறது. ஊருக்குப் போகாதவர் வீட்டில் ஒரு கூண்டுக்கு இடமிராதா? யார் எந்நாள் செல்கிறார், யார் இங்கிருந்து பார்த்துக்கொள்வார் என்று ஏப்ரல் முதல் வாரத்திற்குள் எழுதி வைத்தால் போதும். ஒப்படைப்போர் உணவின் அளவையும் குறித்துக் கொடுக்க வேண்டும். பசித்து மடியும் மீன்களைவிட, பக்கத்து வீட்டு மாமியின் தாராளத்தால் மடியும் மீன்களே மிகுதி எனத் தோன்றுகிறது. அதற்கென ஒரு குறிப்பேடு, நூல்நிலைய மேசையில் நாளிதழ்களுக்குப் பக்கத்தில், இன்று மாலை முதல் வைக்கப்பட்டிருக்கிறது.