எழுத்தில் முதுகலை: பட்டமளிப்பு விழா உரை

தொழில்முறை எழுத்திலும் படைப்பெழுத்திலும் முதுநிலைப் பட்டம் என்பது எழுதிப் பெறும் பட்டம். ஆய்வேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ இருக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை இதற்கு முன்மாதிரி. ஒருவரின் கைப்பிரதியை மற்றவர்கள் முன்கூட்டியே படித்து வருவார்கள்; விவாதம் முடியும்வரை எழுதியவர் வாய் திறப்பதில்லை. தாளில் இல்லாததை வாயால் விளக்கித் தப்பிக்க முடியாது என்பதே அங்கு முதல் பாடம். அதே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு 1973இல் சென்றவர் அசோகமித்திரன். அந்த அனுபவமே 'ஒற்றன்' நாவல்.

தமிழில் இப்பயிற்சி பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம் அதற்குத் தக்க சான்று. இவ்வூரின் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்குப் பாட்டுக் கட்டியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். மேடைப் பாட்டு கேட்டவுடன் புரிய வேண்டும். புரியாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். இதைவிடக் கறாரான தேர்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அவருடைய தம்பிகள் இளையராஜாவும் கங்கை அமரனும் அவரது பாட்டுக் குழுவில் பழகியே சினிமாவுக்குப் போனார்கள்.

சினிமாவில் மெட்டுக்குப் பாட்டெழுதுவது தனிப்பயிற்சி. இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்தில் சொல்வார். 'தானனா' என்று வந்தால் நெடில், குறில், நெடில் என்ற அளவில் சொல் வேண்டும். 'பாடவா' உட்காரும், 'நிலவு' எத்தனை அழகானாலும் உட்காராது. அளவும் பொருளும் கதைச் சூழலும் ஒரே சொல்லில் கூடிவர வேண்டும். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்குக் கங்கை அமரன் எழுதிய பாட்டொன்றைப் பாடித்தான் எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார்.

தொழில்முறை எழுத்தின் தேவையும் பண்ணைப்புரம் இருக்கும் இதே கம்பம் பள்ளத்தாக்கில் தெரியும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்திராட்சைத் தோட்டத்துக்கான பூச்சிமருந்துத் துண்டறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு டேங்க் தண்ணீருக்கு எத்தனை மில்லி, மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் குலை வெட்டலாம் என்ற இரண்டும் முதல் பார்வையிலேயே கண்ணில் பட வேண்டும். 'பரிந்துரைக்கப்பட்ட அளவில் பயன்படுத்தப்பட வேண்டும்' என்ற வாக்கியத்தால் தோட்டக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. யார், எந்த நிலையில் படிக்கிறார் என்று அறிந்து சொல்லைத் தேர்வதில் பாட்டுக்காரருக்கும் துண்டறிக்கை எழுதுபவருக்கும் வேலை ஒன்றே.

படைப்பெழுத்து, தொழில்முறை எழுத்து இரண்டுக்கும் பொதுவான துறை பிரதிச் செம்மையாக்கம். தமிழில் அதைத் தொழிலாகவே நிலைநிறுத்தியவர்களில் முன்னோடி க்ரியா ராமகிருஷ்ணன். அவர் 1974இல் தொடங்கிய பதிப்பகம் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டது. ஒரு சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்பதை வாக்கியச் சான்றோடு காட்டிய அகராதி அது. செம்மையாக்குபவரின் மேசையில் அன்றாடம் புரள்வது.

பட்டம் திறமையைத் தந்துவிடாது. அது தருபவை மூன்று: எழுதுவதற்கென்று ஒதுக்கிய காலம், தயவுதாட்சண்யம் பாராமல் படிக்கும் வாசகர்கள், திருத்தி எழுதும் பழக்கம். அது தராதது பிழைப்பு. தமிழில் நாவலை மட்டும் நம்பி வாழ்வோர் மிகக் குறைவு. பட்டம் பெறுவோர் பலருக்கும் வருமானம் இதழ், திரைக்கதை, விளம்பரம், மொழிபெயர்ப்பு, பாடநூல், செம்மையாக்கம் ஆகியவற்றிலிருந்தே வரும். அந்த வேலைகளைக் கதை எழுதுவதற்கு இடையூறென்று ஒதுக்குவது தவறு. மேடைக்கும் மெட்டுக்கும் எழுதித்தான் பண்ணைப்புரத்தார் சொல்லாட்சி பெற்றார்கள். துண்டறிக்கைக்கும் நாவலுக்கும் ஒரே அளவு கவனம் கொடுப்பதே இப்பட்டம் கேட்கும் ஒழுக்கம்.