இலத்தீனில் தமிழின் பெயர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தமிழன்பர்களே!

இவ்விரு மாவட்டத்து ஓடைகளில் நத்தைபோற் சுருண்ட கற்கள் கிடைப்பதை நீவிர் அறிவீர். பல கோடி ஆண்டுகட்குமுன் ஈண்டுக் கடலிருந்த காலத்து உயிர்களின் ஓடுகள் அவை. அவற்றுள் ஒன்றற்கு ஆங்கிலேய நிலநூலறிஞர் பிளான்போர்டு 1862-இல் இட்ட பெயர் ‘அம்மோனைட்டிசு தமுலிக்குசு’. தமுலிக்குசு என்பது ‘தமிழுக்குரிய’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரடை.

அது பிறந்த வழி எளிது. தமிழ் என்பதன் இகரம் உகரமாயிற்று; இலத்தீனில் ழகரம் இன்மையால் லகரமாயிற்று. ‘தமுல்’ என நின்றதன்மேல் உரிமை காட்டும் ‘இக்’ ஈறும், பால்காட்டும் ஈறும் ஏறின. சீகன்பால்கு 1716-இல் செருமனியின் ஆலே நகரில் வெளியிட்ட இலக்கணத்தின் பெயர் ‘கிராமாட்டிக்கா தமுலிக்கா’. அன்றை ஐரோப்பியர் தமிழை ‘மலபார் மொழி’ என்றே பெரிதும் வழங்கினர். அவரோ தமிழின் சொந்தப் பெயரை முன்னிறுத்தினார். சிதைவுற்றதேனும் அது தமிழின் பெயரன்றோ! அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் யாத்த இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அதன் முகப்பிலும் இப் பெயரடையே.

இனி, அதன் திரிபு. ஆண்பாற் பெயருக்குத் தமுலிக்குசு, பெண்பாற்குத் தமுலிக்கா, இரண்டுமல்லாததற்குத் தமுலிக்கும். இலக்கணம் என்னும் சொல் அம்மொழியிற் பெண்பால், ஆகவே தமுலிக்கா. ‘தமிழ் மொழியினது’ எனின், மொழிக்கும் உருபு, அடைக்கும் உருபு. பின்னாளில் அக் கல்லுயிர் ‘பிளாசெண்டிசெராசு’ என்னும் பேரினத்துட் சேர்க்கப்பட்டது. ‘செராசு’ (கொம்பு) இருபாலுமல்லாத சொல்லாதலின், அடையும் ‘தமுலிக்கும்’ ஆயிற்று. கல்லில் ஒரு கீறலும் மாறவில்லை, பெயர்தான் பால்மாறிற்று!

இத்தகைய திரிபைக் காட்டி, திரியாத தமிழ்ப் பெயரடையைக் குறையென்பார் உளர். நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம் என அடை அசையாது நிற்பது மெய்யே. ஆயின், பயனிலையாகும்போது மகன் நல்லன், மகள் நல்லள், மரம் நல்லது. பெயரே பால் காட்டி அருகில் நிற்க, அடையும் அதனைச் சுமப்பதேன்?

மற்றொன்று கருதத்தக்கது. விலங்கினப் பெயரீட்டு நெறிப்படி, பேரினம் மாறின் பாலீறு மாறும். முதலிற் பெயரிட்டவர் எழுதிய எழுத்துக்கூட்டோ பொதுவாக மாறாது. தமுல் இனித் தமிழ் ஆகாது. புதிதாய்க் கிடைக்கும் கல்லுயிர்க்கு முதற்பெயர் எழுதும் கை, காரையிலோ குன்னத்திலோ பயின்ற தமிழ்ப் பிள்ளையின் கையாதல் வேண்டும். 1865-இல் இசுத்தோலிச்கா அரியலூர்ப் பெயரால் இட்ட ‘அர்ரியலூரென்சிசு’, வேண்டாத இரட்டை ரகரத்தோடு இன்றும் அவ்வாறே எழுதப்படுகின்றது.